மடிப்பு விடாத அங்கிகள்

டெய்லரக்கா கடையில் இரண்டு தையல் மிஷின்கள். வாசலைப் பார்த்திருப்பது அவளுடையது. சுவரைப் பார்த்திருப்பது தங்கையுடையது. தங்கை வீட்டைவிட்டுப் போன பிறகு அந்த இரண்டாவது மிஷினைப் போர்வை போட்டு மூடி, மேலே வெட்டுத்துண்டுகளைக் குவித்து, அப்படி ஒன்று அங்கே இருப்பதையே மறந்துவிட்டவள் மாதிரி நடந்துகொண்டிருந்தாள். அன்று காலை அந்தப் போர்வையை அவளே உருவி வீசினாள். வீசிய வேகத்தில் கிளம்பிய தூசி, இஸ்திரி மேசையோரம் டீ குடித்துக்கொண்டிருந்த கணவனுக்குப் புரையேற்றிவிட்டது.

“ஏண்டி, இங்க ஒருத்தன் உயிரோட இருக்கறது தெரியலையா?” என்று இருமினான் மெக்கானிக்.

“இருமினது போதும், எழுந்திருங்க. மிஷினுக்கு எண்ணெய் விடுங்க. என் தங்கச்சி வர்றா!”

“யாரு சொன்னா?”

“சொல்லணுமா? வேன் முக்குல திரும்புது பாருங்க. முன்சீட்டுல யாரு? வாண்டு மடியில உட்கார்ந்து கையாட்டுறா பாருங்க!”

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து அடித்த காற்றில் வேனின் மேல்விரிப்பு படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்குள்ளே கட்டுக் கட்டாக மஞ்சள் துணி. எண்ணெய்க் கேனைத் தேடி அவன் ஓட, செருப்புக்கூடப் போடாமல் டெய்லரக்கா தெருவுக்கு ஓடினாள்.

தங்கை எங்கிருந்து வந்தாள் என்பதைச் சொல்லிவிடலாம். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு மூடிப்போன நூற்பாலை. அதை வாங்கிக் குடியேறியவரை எல்லோரும் பெரியப்பா என்றார்கள். நாற்பதைத் தாண்டாத ஆள். சத்தம் போட்டுப் பேசமாட்டார். முதல்முறை ஒரு பழைய சட்டைக்குக் காலர் திருப்பிப் போட இந்தக் கடைக்குத்தான் வந்தார். தங்கையின் புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டிருந்த சமயம் அது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவளின் முதுகை அவர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, “நீ தூங்கி எத்தனை நாளாச்சும்மா?” என்று கேட்டார். அவ்வளவுதான். தங்கை மிஷின்மேல் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். அதே அறையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை. பட்டன் காஜா அவசரம், கல்யாணத் துணி அவசரம், எல்லாம் அவசரம். அடுத்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை ஆலைக்குப் போய்விட்டாள். அக்கா பார்க்கப் போனபோதெல்லாம் வாசலில் இருந்த ஆள், “உங்க தங்கச்சி மௌனத்துல இருக்காங்க” என்று திருப்பி அனுப்பினான்.

அப்படிப்பட்டவள் இப்போது வேனிலிருந்து குதித்து இறங்கி, “அக்கா!” என்று கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“என்னடி இப்படித் துரும்பா போயிட்ட? அங்க சோறு போடறாங்களா, இல்ல அதுவும் மௌனமா?”

“ஆரம்பிச்சிட்டியா! துணி நனையுதுக்கா, முதல்ல எடுத்து உள்ள வை. எங்க எல்லாருக்கும் அங்கி தைக்கணும். கைக்குழந்தையிலேர்ந்து கிழவி வரைக்கும், நூத்துச் சொச்சம் பேருக்கு. வேற யார்கிட்டயாவது குடுக்கலாம்னாங்க. பெரியப்பாதான், ‘உங்கக்கா கைபட்டாத்தான் எனக்குத் திருப்தி’ன்னாரு. தைச்சு முடிக்கிற வரைக்கும் நானும் தினம் வந்து தைக்கலாமாம்!”

டெய்லரக்காவுக்குக் காது குளிர்ந்துவிட்டது. “தினமுமா?”

“தினமும்.”

“சாயங்காலம் திரும்பிப் போயிடுவியா?”

“போயிடுவேன். ஆனா காலையில வந்துடுவேன்ல?”

வாண்டு என்பது தங்கை மகளின் பட்டப்பெயர். பல் விழும் வயது. அவள் நேராகக் கடைக்குள் போய் மெக்கானிக்கின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, “வணக்கம் மெக்கானிக்கு” என்றாள்.

“மெக்கானிக்கா? அடி கழுத, நான் உனக்குப் பெரியப்பாடி!”

“பெரியப்பா ஒருத்தர்தான். அவரு ஆலையில இருக்காரு.”

“அந்தாளு எனக்கே ஆறு வயசு இளையவன். உன் பெரியம்மா கழுத்துல யாரு தாலி கட்டினதுன்னு போய்க் கேட்டுட்டு வா!”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கைதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடை எப்படி ஓடியது என்கிறீர்கள்! காலையில் வேன் வந்து தங்கையையும் வாண்டையும் இறக்கிவிடும். இரண்டு மிஷினும் ஒரே நேரத்தில் தடதடக்க, அலமாரிக் கண்ணாடி கூடவே அதிரும். அங்கி சுலபமான வேலை. பட்டன் கிடையாது, பை கிடையாது, கழுத்துப்பட்டை கிடையாது. சாக்கு மாதிரி நேராக வெட்டி, தலை நுழைய அகலமாகக் கழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஓட்டினால் முடிந்தது. தங்கை வெட்டுவாள்; அக்கா ஓட்டுவாள்; வாண்டு நூல்பிசிறு கிள்ளுவாள். மத்தியானம் ரொட்டியும் முட்டையும். வாய் ஓயாத பேச்சு. அக்காளும் தங்கையும் பழையபடி ஒருத்தி காலை ஒருத்தி வாரிக்கொண்டார்கள்.

மெக்கானிக்குக்கும் அப்போது ஏரிக்கரையில் பெரியப்பாவிடம்தான் வேலை. பாலம் வருவதற்கு முன்னால் ஏரியில் ஆள் ஏற்றிப்போன ஒரு பெரிய படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. பெரியப்பா அதை வாங்கி நிமிர்த்தி, மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். இன்ஜினைச் சரிபண்ணும் பொறுப்பு மெக்கானிக்கிடம். ஊரில் ஒருத்தரும் முடியாது என்ற இன்ஜின். சாயங்காலம் கை முழுக்கக் கரியோடு வந்து, “இன்னிக்கு இருமிச்சு. நாளைக்குப் பேசும்” என்பான். மறுநாள் அது பேசியேவிட்டது. அந்த டுபுடுபு சத்தம் காற்றில் கடைவரைக்கும் கேட்டபோது தங்கை மிஷினை விட்டெழுந்து கைதட்டினாள். புருஷனே அங்கிருந்து குரல் கொடுத்தது மாதிரி அக்காவுக்குப் பெருமை.

“படகுல எங்கடி போகப் போறீங்க?”

“அக்கரைக்கு.”

“அக்கரையில என்ன இருக்கு? கல்லும் முள்ளும்தானே?”

“அது உன் கண்ணுக்குத் தெரியற அக்கரைக்கா” என்று சொல்லிவிட்டு, தங்கை கத்தரியை ஓட்டினாள்.

பெரியவர்கள் அங்கி முடிந்து குழந்தைகள் அங்கிக்கு வந்தார்கள். இங்கே தொழில் சங்கதி ஒன்று. குழந்தைக்குத் தைக்கிற எந்தத் துணியானாலும் கீழ்விளிம்பில் நாலு விரல் உள்ளே மடித்துத் தைப்பது வழக்கம். வளர வளரப் பிரித்துவிடலாம். எவ்வளவு இல்லாதவளும், “வளர்ற புள்ள, உள்ள விட்டுத் தைங்கக்கா” என்று சொல்லாமல் போகமாட்டாள். டெய்லரக்கா தங்கைக்குக் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது முதலில் சொன்னதே அதுதான். அதனால் தங்கை வெட்டிய சின்ன அங்கியைக் கையில் எடுத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“ஏண்டி, மௌனத்துல இருந்து இருந்து மூளையும் மௌனமாயிடுச்சா? மடிப்புக்குத் துணி எங்க?”

“மடிப்பு வேண்டாம்க்கா.”

“என்னது?”

“குழந்தைங்க துணி எதுலயும் மடிப்பு வேண்டாம்னு பெரியப்பா சொல்லிட்டாரு. கால் அளவுக்குச் சரியா இருந்தா போதும்.”

“துணி மிச்சம் பிடிக்கிறாரா? இங்க ரெண்டு கட்டு பிரிக்காம கிடக்கு.”

“அதுக்கில்ல.”

“பின்ன? வருஷா வருஷம் புதுசு தைக்கப் போறாரா?”

“இல்லக்கா. தேவைப்படாது.”

தங்கை அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, பரீட்சையில் முதல் மார்க்கு வாங்கியதைச் சொல்கிற பிள்ளை மாதிரி. டெய்லரக்காவின் கால் மிதிகட்டையிலேயே நின்றுவிட்டது.

“ஏன் தேவைப்படாது?”

“அங்க யாரும் வளரமாட்டாங்க. வயசாகாது, பசிக்காது, ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டுப் போகமாட்டாங்க. எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லக்கூடாதுக்கா. ஆனா நீயும் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!” தங்கை அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை கொதித்தது. “சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம். அவரு கேட்பாரு, ‘இப்பவே கூப்பிட்டா யாரு வர்றீங்க?’ன்னு. முதல்ல கொஞ்சம் பேர்தான் கை தூக்கினோம். இப்ப ஒரு கை கீழ இருக்காது. வாண்டுகூடத் தூக்குறா.”

வாண்டு நூல்பிசிறை விட்டுவிட்டு, “நான் ரெண்டு கையும் தூக்குவேன்” என்றாள்.

டெய்லரக்கா மேசையில் கிடந்த அந்தச் சின்ன அங்கியைப் பார்த்தாள். வாண்டின் அளவு. கணுக்காலோடு சரி, ஒரு விரல்கூட மிச்சமில்லை. அடுத்த மழைக்கே பத்தாது. அடுத்த மழை உண்டு என்று நினைக்கிற யாரும் பிள்ளைக்கு இப்படி வெட்டச் சொல்லமாட்டார்கள்.  அப்படியும், “சரி, மேல வெட்டு” என்று சொல்லி மிஷினை மிதித்தாள். நூல் ஓடியது, எங்கே ஓடியது என்று அவளுக்குத் தெரியாது.

வேன் போனதும் கடையை இழுத்துச் சாத்தினாள்.

“சாகப் போறாங்கங்க” என்றாள் கணவனிடம்.

“யாரு?”

“எல்லாரும். அந்தப் படகுல ஏத்தி அந்தாளு எல்லாரையும் சாகடிக்கப் போறான். புள்ளைங்க துணியில மடிப்பு வேண்டாமாம்!”

மெக்கானிக் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். “அக்கரையில ஊர் அமைக்கப் போறோம்னுதான் என்கிட்ட சொன்னான். நாலு நாளா என் பக்கத்துல உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் குடுத்தான்டி. ‘உங்க கையில உயிர் இருக்கு மெக்கானிக்’னான். என் அப்பன்கூட என்னை அப்படிச் சொன்னதில்ல.”

“அதான் அவன் தொழிலு. எவனுக்கு எங்க கிழிஞ்சிருக்குன்னு பார்த்து அங்க ஊசி போடுவான். என் தங்கச்சிக்குத் தூக்கம், உங்களுக்கு ஸ்பானரு. கிளம்புங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்!”

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு நல்ல மனுஷன்தான். அவர் யூனிபாரத்துக்கே டெய்லரக்காதான் தொப்பை தள்ளத் தள்ளத் தையல் பிரித்துவிடுகிறவள். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “என்னன்னு எழுதறதும்மா? துணியில மடிப்பு இல்லைன்னு ஒருத்தனைப் பிடிச்சு உள்ள வைக்க முடியுமா?” என்றார்.

“ஐயா, நூறு உசிரு!”

“படகுல போறது குத்தமில்ல. சாமி கும்பிடறது குத்தமில்ல. உங்க தங்கச்சி மேஜர். அந்தாளு போன மாசம் இங்க வந்து எங்களுக்கெல்லாம் குடை குடுத்துட்டுப் போனாரு. சரி, வர்ற வாரம் பெரிய ஆபீசர் வர்றாரு, ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன். நீ போய் நிம்மதியா இரு.”

நிம்மதி! வெளியே வந்து மழையில் நின்றவளுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. வந்த வேகத்தில் கணவனின் தோளில் ஓங்கி அடித்தாள்.

“துணி நம்மகிட்டதானே இருக்கு?”

“ஆமா.”

“புதுத்துணி கைக்கு வராம எந்த விசேஷம்ங்க நடந்திருக்கு? கல்யாணமே நின்னு போயிருக்கு, நான் ரவிக்கை குடுக்காம! தரமாட்டேன். இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்தடிப்பேன். பெரிய ஆபீசர் வர்ற வரைக்கும் இழுப்பேன்.”

“நீயா? சொன்ன நாள்ல குடுக்கறவன்னு பேரு வாங்கினவளாச்சே.”

“பேரை ஏரியில போடுங்க! நீங்க அந்த இன்ஜினைக் கெடுத்துடுங்க.”

மெக்கானிக் நடுரோட்டில் நின்றுவிட்டான். “கெட்டதைச் சரிபண்ணத்தான்டி எனக்குத் தெரியும். ஓடறதை எப்படிக் கெடுக்கறது?”

“என்கூடக் குடித்தனம் பண்றீங்கல்ல, அதுபோலத்தான். பேசாம ஒரு சாமானைக் கழட்டிட்டு வந்துடுங்க.”

மறுநாள் சாயங்காலம் அவன் சாப்பாட்டுத் தூக்கில் டீசல் பம்ப்பின் ஒரு பாகம் வந்து சேர்ந்தது. கட்டைவிரல் அளவு பித்தளை. அதை மேசைமேல் வைத்துவிட்டு, “இது இல்லாம அது நகராது. இந்த ஊர்ல வேற கிடைக்காது. அக்கரைக்கு யார் போறான்னு பார்த்துடறேன்” என்று மார்தட்டினான். இருவருக்கும் ஒரே உற்சாகம். திருட்டு மாங்காய் அடித்த பிள்ளைகள் மாதிரி பித்தளையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

டெய்லரக்காவும் தன் பங்கைச் சரியாகத்தான் செய்தாள். ஒருநாள் பெல்ட் அறுந்தது, அறுத்தவள் அவளே. ஒருநாள் கரெண்ட் இல்லாமல் இஸ்திரி நின்றது. ஒருநாள் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு திரும்பவே இல்லை. தங்கை தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது டெய்லரக்கா அவளிடம் பேசிப்பார்த்தாள்.

“ஏண்டி, உனக்கு இங்க என்ன குறைச்சல்?”

“குறைச்சல்னு இல்லக்கா. இங்க இருந்தா நான் அவன் விட்டுட்டுப் போனவ. அங்க நான் அது இல்ல.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எப்பவும் தைச்சுக்கிட்டு இருந்தியேக்கா.” கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அதிகம் சுட்டது.

“இப்ப தைக்கல. இதோ, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பேசு. வாழ்நாள் பூரா பேசு. போகாதடி.”

தங்கையின் கை கழுத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது. “நீ இப்படிக் கேட்பேன்னு அவர் முன்னாடியே சொல்லியிருக்காரு. பாசம்தான் கடைசிக் கயிறுன்னு. அதையும் விடணுமாம்.”

சொன்ன தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் பெரியப்பாவே வந்தார். சாயங்காலம். வேனில் முன்னால் அவர். பின்னால் ஆணும் பெண்ணுமாக அவருடைய ஆட்கள். அவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். யாரும் முறைக்கவில்லை, சிரித்த முகம்தான். அதுவே பயமாக இருந்தது.

“மிஷின் சரியாயிடுச்சாம்மா?” என்றார் பெரியப்பா, மேசை மூலையில் உட்கார்ந்து.

“இல்லைங்க. இன்னும் ஒரு வாரம் ஆகும்.”

“ஆகட்டும். கழுத்து வலி?”

“இருக்கு.”

“நீங்க பொய் சொன்னா காது சிவக்குது. நல்ல மனசுக்காரங்களுக்குத்தான் அப்படி.”

டெய்லரக்காவுக்குப் பொறுக்கவில்லை. அங்கியை எடுத்து அவர் முகத்துக்கு நேராக விரித்தாள். “குழந்தைங்க துணிக்கு ஏன் மடிப்பு வேண்டாம்? அவங்க எதிர்லயே சொல்லுங்க! அடுத்த வருஷம் இதுங்க எங்க இருக்கும்? உன்னையும் ஒருத்தி பெத்து, மடிப்பு விட்டுத் தைச்சுத்தானே வளர்த்திருப்பா?”

வாசலில் சின்னச் சலசலப்பு. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி அங்கியைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பெரியப்பா அதைக் கவனித்துவிட்டார். கோபப்படவில்லை. எழுந்து தங்கையிடம் போனார்.

“உங்கக்கா சொல்றதுல தப்பே இல்லம்மா. பாசம். இங்க இருக்கணும்னா இப்பவே இரு. யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். கதவு திறந்தேதான் இருக்கு.” இடுப்பில் பிள்ளையோடு நின்றவள் பக்கமும் திரும்பினார். “யாரு வேணாலும் இருக்கலாம். சொல்லுங்க.”

சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். அவ்வளவு பேரும் தங்கையையே பார்த்தார்கள். அவர்களோடுதான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், அழுதாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த முகங்கள் அவை.  இருக்கேன்னு சொல்லு, இருக்கேன்னு சொல்லு என்று டெய்லரக்கா உள்ளுக்குள் முணுமுணுத்தாள்.

“நான் வர்றேன் பெரியப்பா” என்றாள் தங்கை.

“நானும்” என்றாள் இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவள்.

பெரியப்பா கைகூப்பினார். “துணி முடியலைங்கறதும் நல்லதுக்குத்தான். இன்ஜினும் நின்னுபோச்சு. பாருங்க, ஒண்ணொண்ணா எல்லாம் தானா கழண்டு விழுது.” குரலை உயர்த்தவேயில்லை. வாசலில் நின்றவர்கள் முகமெல்லாம் விளக்குப் போட்டாற்போல ஆகிவிட்டது. எந்தத் தடையைப் போட்டாலும் அதையே படியாக்கி ஏறிவிடுகிற ஆள் அவர். அவர்கள் வேனுக்கு நடந்தார்கள். மெக்கானிக் மட்டும் மூலையில் நின்று, ‘நின்னுபோச்சுன்னு அவனே ஒத்துக்கிட்டான்’ என்று மனைவிக்குக் கண்ஜாடை காட்டினான்.

தங்கை பின்தங்கி வாண்டின் செருப்பைத் தேடினாள். வாண்டு துணிக்குவியலின்மேல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா பாய்ந்து தங்கையின் முழங்கையைப் பிடித்தாள்.

“இவ இங்க இருக்கட்டும்டி.”

“விடுக்கா. கூப்பிடறாங்க.”

“இல்ல... இவ அங்கியில கழுத்து சரியில்ல. ஏறிக்கிட்டு நிக்குது. ஒருதடவை போட்டுப் பார்த்துத் திருத்தணும். காலையில நானே கொண்டுவந்து விடறேன்.” தலைகால் புரியாமல் வாயில் வந்ததைச் சொன்னாள். காது நெருப்பாய் எரிந்தது.

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தேடி எடுத்த செருப்பை வாண்டின் காலடியில் ஜோடியாக வைத்தாள்.

“சரிக்கா” என்றாள். “கழுத்து ஏறித்தான் இருக்கும். பார்த்து வை.”

வேன் போனது. “ஏமாந்துட்டா!” என்றாள் டெய்லரக்கா, கதவுக்குத் தாழ் போட்டபடி. வாய்விட்டுச் சிரித்தாள். “புள்ளையைத் தேடிக்கிட்டு காலையில வருவா. வந்தா அவளையும் உள்ள போட்டுப் பூட்டிடுவேன். எந்தக் கதவு திறந்திருக்குன்னு பார்ப்போம்!”

விடியும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. ஏரிப் பக்கமிருந்து. ஒரே குரலாக, நூறு பேர் பாடுகிற பாட்டு. மெக்கானிக் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

“கரையில நின்னு பாடறாங்க போல” என்றாள் டெய்லரக்கா.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். “நிக்கலடி. நகருது. படகுப் பக்கமா போகுது.” சட்டைகூடப் போடாமல் ஓடினான். ஓடுகிறபோதே, “இன்ஜின் இல்லையே! இன்ஜின் இல்லையே!” என்று கத்தினது தெருமுனைவரைக்கும் கேட்டது.

அவளும் ஓடத்தான் நினைத்தாள். வாண்டைப் பார்த்தாள். கதவை உள்ளே தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். தெருவில் ஆட்கள் ஓடினார்கள், சைக்கிள் மணி, யாரோ கயிறு கயிறு என்று கூவினார்கள். பாட்டு ஒரு இடத்தில் உடைந்தது. பாதிக் குரல்கள் பாடின, பாதி வேறு ஏதோ செய்தன. பிறகு மழைச்சத்தம் மட்டும்.

மெக்கானிக் திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சேறும் பாசியும் இடுப்புவரைக்கும். கதவைத் திறந்தவளைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தான்.

“மூங்கிலை ஊனித் தள்ளிக்கிட்டுப் போனாங்கடி. பத்து ஆம்பளைங்க, ரெண்டு பக்கமும். நான் ஒரு முட்டாள். அக்கரைக்குப் போறவனுக்குத்தான் இன்ஜின் வேணும். நடு ஏரிக்குப் போக மூங்கில் போதாதா?”

“துணி?”

“போட்டிருந்த துணிதான்.”

 தைக்காத துணியும் கழற்றிய பித்தளையும் இவர்கள் இருவருக்கும்தான் பெரிய விஷயம். பெரியப்பாவுக்கு அது ஒன்றுமேயில்லை என்பது டெய்லரக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அடியில ஓட்டை போட்டு அடைச்சு வச்சிருந்திருக்கான். நடுவுல போனதும் பிடுங்கியிருக்காங்க. கரையிலேர்ந்து நீந்தினோம், நானும் ஏட்டும் இன்னும் நாலு பேரும். கைக்குக் கிடைச்சவங்களை இழுத்தோம். கொஞ்சம் பேர்தான். அவன் படகுல இல்ல. வழிகாட்டறேன்னு சின்னப் படகுல முன்னாடி போனவன் அப்படியே அக்கரைக்குப் போயிட்டான். படகு அங்க காய்ஞ்சு கிடக்கு, ஆளைக் காணோம்.”

“அவ?”

அவன் தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“நான் போனப்ப அவ இன்னும் ஏறல. கையைப் பிடிச்சேன். என் கையிலதான் இருந்தா. அவன் ஆளுங்க நாலு பேர் என்னைப் பிடிச்சு இழுத்தாங்க. அவன் ஏறுறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தான். இவளைப் பார்த்து, ‘புள்ளை எங்கம்மா?’ன்னான்.”

“என்ன சொன்னா?”

“‘ஏறிட்டா பெரியப்பா, உள்ள தூங்குறா’ன்னா.”

டெய்லரக்கா துணிக்குவியல்மேல் தூங்கும் வாண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னைப் பார்த்துக்கிட்டேதான்டி சொன்னா. அவன் அந்தப் பக்கம் நிக்கிறான், இவ கண்ணு என் மேலயே இருக்கு. வாயைத் திறந்துடாதேங்கற மாதிரி. நான் திறக்கல. அதுக்கப்புறம் கையை உருவிக்கிட்டு ஏறிட்டா. திரும்பியே பார்க்கல.”

சாக்கு மாதிரி நேரே வெட்டின அங்கி. பெரியவள் தலையே நுழையும்படி அகலக் கழுத்து. வெட்டினதே அவள்தான். கத்தரி பிடித்து ஒரு மாதம் ஆனவளுக்குக்கூடத் தெரியும், அதைப் போட்டுப் பார்த்துத் திருத்த ஒன்றும் கிடையாது என்று. அப்படியிருந்தும் சரிக்கா என்றாள். செருப்பை ஜோடியாக வைத்தாள். தன்னை விடுவித்துக்கொள்ள முடியாமல் மகளை மட்டும் தப்பவிட்டுப் போயிருக்கிறாள். நான்தான் ஏமாற்றினேன் என்று ராத்திரி முழுக்கச் சிரித்தேனே என்று டெய்லரக்கா மடேர் மடேரென்று தலையில் அடித்துக்கொண்டாள். மெக்கானிக் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

சத்தத்தில் வாண்டு விழித்துவிட்டாள். கண்ணைக் கசக்கியபடி வந்து, நனைந்து நின்றவனையும் அழுகிறவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சண்டையா?” என்றாள்.

“இல்லடா கண்ணு.”

“பசிக்குது பெரியம்மா.”

டெய்லரக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு தீக்குச்சி உடைந்து மூன்றாவது பிடித்தது. கல் காய்ந்ததும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். வாண்டு பக்கத்தில் வந்து நின்று, வெள்ளை பொரிந்து ஓரம் சிவப்பதைக் கவனமாகப் பார்த்தாள்.

“அம்மாவுக்கும் ஒண்ணு போடுங்க” என்றாள். “அவளும் நேத்து சாப்பிடல.”

மெக்கானிக் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். டெய்லரக்கா கூடையிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்து, கல்லின் ஓரத்தில் தட்டி உடைத்தாள்.